கண்ணாடி எடுக்க வருபவருக்கு எதைச் சொல்லி விற்பது? (கொன்டாக்ட் லென்ஸும் சேர்த்து)

பரந்தன்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் ஒரு கண்ணாடிக் கடையில் இரண்டு வருடமாக நிற்கிறேன். கண் பார்ப்பது நான் இல்லை, அதற்குக் கிழமையில் இரண்டு நாள் ஒருவர் வருகிறார். நம்பர் எழுதிய துண்டை வாங்கி, பிறேம் காட்டி, லென்ஸ் சொல்லி, அளவெடுத்து, கொழும்பு லாப்புக்கு அனுப்பி, வந்ததும் முகத்தில் போட்டுச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை.

போன மாதம் முதலாளி கொன்டாக்ட் லென்ஸ் இறக்கியிருக்கிறார். இனிமேல் வருகிற ஒவ்வொருவரிடமும் அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். புளூகட் (நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸ்) விற்றால் தனியாகக் கொமிசன். என் பிரச்சினை இதுதான்: ஒன்றில் வாயே திறக்காமல் ஆகக் குறைந்த விலை லென்ஸைக் கொடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் விலைப்பட்டியல் முழுவதையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவிக்கிறேன். இரண்டாவது விதத்துக்கு எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றே: "வீட்டில கேட்டுக்கொண்டு வாறன்." திரும்பி வருவதில்லை.

யாருக்கு எதைச் சொல்வது? தொழிலில் இருப்பவர்கள், கண்ணாடி போடுபவர்கள், இரண்டு பக்கமும் சொல்லுங்கள்.

---

வவுனியா_பழையகடை

தம்பி, முதலில் அந்த விலைப்பட்டியலை மேசைக்குக் கீழே வையும். 22 வருடமாக இந்தத் தொழிலில் நிற்கிறேன், பட்டியலைக் காட்டி நான் விற்றது குறைவு.

ஆள் வந்து இருந்ததும் பழைய கண்ணாடியைக் கையில் வாங்கும். அது பாதிக் கதையைச் சொல்லிவிடும். லென்ஸின் நடுவில் வட்டமாகக் கீறல் இருந்தால் சாரத்து நுனியால் துடைப்பவர். ஒரு பக்கக் கால் மட்டும் விரிந்திருந்தால் ஒற்றைக் கையால் கழற்றுபவர். மூக்குப் பட்டியில் பச்சை பிடித்திருந்தால் வெயிலில் வேர்த்து வேலை செய்பவர், அவருக்கு மலிவான உலோகப் பிறேமை இன்னொரு தரம் கொடுக்காதேயும். அப்புறம் கேளும்: காலையிலிருந்து பின்னேரம் வரை என்ன செய்வீர்கள்? கடைக்கு எதில் வந்தீர்கள்? பழைய கண்ணாடியில் எது பிடிக்கவில்லை? நாற்பது தாண்டியவர் என்றால், சீனி கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதேயும். சீனி ஏறி இறங்கும் ஆளுக்கு நம்பரும் சேர்ந்து ஆடும். இன்றைக்கு எடுத்த அளவுக்குக் கண்ணாடி செய்து கொடுத்தால், மருந்து எடுத்துச் சீனி இறங்கியதும் "உங்கட கண்ணாடி பிழை" என்று கொண்டுவந்து மேசையில் வைப்பார். அப்படிப்பட்டவரை முதலில் கிளினிக்குக்கு அனுப்பி, சீனி ஒரு நிலைக்கு வந்த பிறகு நம்பர் பார்க்கலாம் என்று சொல்லும். அன்றைய வியாபாரம் போகும். போகட்டும்.

இன்னொன்று. மைனஸ் 5, 6 என்று வரும் பிள்ளைகள் பெரிய சதுர பிறேமைத்தான் கேட்பார்கள். நம்மவர்கள் உடனே "லென்ஸ் தடிக்கும், 1.67 போடுவம்" (ஒளிவிலகல் எண் கூடிய, மெல்லியதாக வரும் லென்ஸ்) என்று விலையை ஏற்றுவார்கள். கிட்டப்பார்வை லென்ஸ் தடிப்பது ஓரத்தில். பிறேம் சிறிதாக, கண் அதன் நடுவில் வருகிற மாதிரி எடுத்தாலே பாதித் தடிப்பு வெட்டுப்பட்டுப் போய்விடும். சிறிய பிறேமையும் பெரிய பிறேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரம் எவ்வளவு வரும் என்று விரலால் காட்டும். அதற்குப் பிறகும் பெரியதுதான் வேண்டும் என்றால் 1.60 அல்லது 1.67 சொல்லும். மைனஸ் ஒன்றரைக்காரருக்கு 1.67 விற்பது காசு பிடுங்கல்.

---

சும்மா_வாசிப்பவன்

இந்தப் புழுதிக்குள் கொன்டாக்ட் லென்ஸா? மல்லாவி வீதியில் மோட்டார் சைக்கிளில் ஒரு தரம் போய்விட்டு வாருங்கள், முதலாளிக்குப் பதில் கிடைக்கும்.

---

முல்லை_கிளினிக்_அக்கா

நான் விற்பவள் இல்லை. விற்ற பிறகு கண் சிவந்து வருபவர்களைப் பார்ப்பவள். அதனால் என் பேச்சு கொஞ்சம் கடுமையாக இருக்கும்.

வன்னியில் கொன்டாக்ட் லென்ஸ் கொடுப்பதென்றால் முதல் பேச்சு தண்ணீரைப் பற்றித்தான். "சொலூஷன் (லென்ஸ் ஊறவைக்கும் திரவம்) முடிஞ்சுது மிஸ், ஒரு நாள் மட்டும் கிணத்துத் தண்ணியில போட்டு வைச்சனான்" என்று எத்தனை பேர்! கிணறு, குளம், குழாய், தாங்கி எல்லாவற்றிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கும். அது கருவிழிக்குள் இறங்கினால் மாதக்கணக்கில் மணிக்கொரு தரம் மருந்து விட வேண்டும், சிலருக்குப் பார்வையே மிஞ்சாது. கொதித்தாறிய தண்ணீர் பரவாயில்லையா என்று கேட்பார்கள். இல்லை. லென்ஸோடு கிணற்றடியில் குளிப்பது? இல்லை. இரணைமடுக் குளத்தில் நீந்துவது? இல்லவே இல்லை.

லென்ஸோடு படுக்கவும் கூடாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, படுத்தால் கிருமி பிடிக்கும் வாய்ப்பு 6 முதல் 8 மடங்கு.

வயல்காரருக்கு நான் தனியாகச் சொல்வது: அருவி வெட்டு, சூடடிப்பு நேரத்தில் நெல் சுனையோ இலையோ கண்ணில் கீறினால் பங்கசு பிடித்துப் புண்ணாகும். வெண்படலமாக வந்து நிற்கும்போது சில நேரம் பிந்திவிடும். அந்த வேலைக்கு முகத்தில் கண்ணாடி இருப்பதே ஒரு வேலி. அதைக் கழற்றிவிட்டு லென்ஸ் போடச் சொல்லாதீர்கள், தம்பி.

---

பரந்தன்காரன்

அக்கா, நன்றி. அப்படியென்றால் ஒருவருக்குமே கொடுக்கக் கூடாதா? பெட்டி பெட்டியாக இருக்கிறதே!

---

முல்லை_கிளினிக்_அக்கா

கொடுக்கலாம். கைகழுவச் சவர்க்காரமும் பொறுமையும் உள்ளவருக்கு, தேவை உள்ளவருக்கு. கம்பஸ் பிள்ளைகள், அலுவலக வேலைக்காரர், விளையாடுபவர்கள். ஆனால் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: சொலூஷன் முடிந்தால் அடுத்த போத்தல் எங்கே வாங்குவீர்கள்? துணுக்காயில் இருப்பவர் அதற்கென்று பஸ் ஏறி வர வேண்டும். பதில் இல்லாவிட்டால் மாத லென்ஸ் கொடுக்க வேண்டாம். போட்டுவிட்டு எறியும் ஒருநாள் லென்ஸ் கொடுங்கள், அதற்குச் சொலூஷனும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம். ஒன்றுக்கு விலை கூடத்தான். ஆனால் கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் போடுபவருக்குக் கணக்குப் பார்த்தால் பெரிய வித்தியாசம் வராது.

மாத லென்ஸ் எடுப்பவருக்கு இன்னொன்றையும் விளங்கப்படுத்துங்கள். உறையைத் திறந்த நாளிலிருந்து ஒரு மாதம். "நான் பத்துத் தரம்தான் போட்டனான், இன்னும் இருபது தரம் இருக்கு" என்று கணக்குச் சொல்பவர்கள் நிறையப் பேர். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். பழைய சொலூஷனின் மேல் புதிதை ஊற்றி நிரப்பக் கூடாது.

பச்சை மிளகாய் வெட்டிய கையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தரம் பட்டவர் மறக்க மாட்டார்.

---

ஓய்வு_ரீச்சர்

நான் கண்ணாடி போடும் பக்கம். என் மனக்குறையையும் கேளுங்கள். கடை பெயர் சொல்லவில்லை. வெள்ளெழுத்து வந்து மூன்று வருடம். போன ஆவணியில் ஒரு கடையில் புரோகிரசிவ் (தூரத்துக்கும் வாசிப்புக்கும் ஒரே லென்ஸ்) எடுத்தேன். கூடவே "போன் பார்க்கிறனீங்கள்தானே, கண் பழுதாகிவிடும்" என்று புளூகட்டையும் போட்டுவிட்டார்கள். நல்ல விலை. இப்போது புத்தகம் வாசிக்க வேண்டுமானால் நாடியைத் தூக்கிக்கொண்டு சேவல் மாதிரி இருக்க வேண்டியிருக்கிறது. கேட்டால் "பழகிவிடும் ரீச்சர்" என்கிறார்கள். ஐந்து மாதமாகப் பழகுகிறேன்.

---

வவுனியா_பழையகடை

ரீச்சர், உங்களுக்கு அது பழகாது. சரியாகச் செய்த புரோகிரசிவ் ஒரு கிழமை, இரண்டு கிழமையில் பழகிவிடும். நாடியைத் தூக்கினால்தான் எழுத்துத் தெரிகிறது என்றால் லென்ஸ் கீழே இறங்கி நிற்கிறது. பிறேமை முகத்தில் சரியாக இருத்தாமல் உயரம் எடுத்திருப்பார்கள், அல்லது பிறகு பிறேம் மூக்கில் வழுக்கியிருக்கும். கடைக்குப் போய் மூக்குப் பட்டியை உள்ளே நெருக்கித் தரச் சொல்லுங்கள். கண்ணாடி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மேலே ஏறும். அதிலேயே சரியாகிவிட்டால் அதிர்ஷ்டம். சரிவராவிட்டால் லென்ஸை மாற்றித் தரக் கேட்பது உங்கள் உரிமை.

தம்பி பரந்தன்காரன், இதைப் பார்த்தீரா? புரோகிரசிவ் விற்பது பேச்சில் இல்லை, அளவெடுப்பதில் இருக்கிறது. பிறேமை முதலில் முகத்துக்கு வளைத்துச் சரிசெய்யும். நீரும் அவரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பிறேமோடு வரும் டெமோ லென்ஸில் இரண்டு கருமணிக்கும் பேனாவால் தனித்தனியாகப் புள்ளி வையும். மூக்கிலிருந்து இரண்டு கண்ணும் ஒரே தூரத்தில் இருப்பவர் குறைவு, இரண்டு கருமணிக்கும் இடைத்தூரம் 62 மில்லிமீற்றர் என்றால் அதை இரண்டாகப் பிரித்து 31, 31 என்று எழுதி அனுப்பாதேயும். சாதாரண லென்ஸிலும் இது முக்கியம்தான். மைனஸ் 6 லென்ஸில் மையம் 5 மில்லிமீற்றர் விலகினால் 3 பிரிசம் (உருவத்தை இடம் விலக்கிக் காட்டும் அளவு) வந்து உட்காரும். ஆள் தலையிடி என்பார், நாம் "புது நம்பர், பழகும்" என்போம்.

புளூகட் பற்றி: 2023 இல் கொக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் அமைப்பு) மீளாய்வு ஒன்று 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. திரை பார்க்கும்போது வரும் கண் களைப்பு இந்த லென்ஸால் குறைகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. போனில் வருவதைவிட எத்தனையோ மடங்கு நீல ஒளி நம் முற்றத்து வெயிலில் இருக்கிறது. போன் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, கண் காய்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் தலையைத் தூக்கி வேப்பமரத்தைப் பாருங்கள் என்று சொல்ல லென்ஸ் தேவையில்லை. கேட்டு வருபவருக்குக் கொடுக்கலாம், ஆனால் "கண் பழுதாகும்" என்று பயம் காட்டி விற்பதை நான் ஏற்க மாட்டேன்.

நான் முழுமனதோடு சொல்லும் கோட்டிங் ஒன்று இருக்கிறது, எதிரொளிப்புத் தடுக்கும் கோட்டிங். சாதாரண 1.5 லென்ஸில் ஒரு பக்கத்துக்கு 4 வீதம் வெளிச்சம் தெறித்துப் போகிறது, 1.67 இல் 6 வீதத்துக்கு மேல். இரவில் ஏ-9 இல் எதிரே லொறி லைட் வரும்போது அது தெரியும். அதனால் 1.67ஐக் கோட்டிங் இல்லாமல் விற்காதேயும்.

---

பரந்தன்காரன்

கொமிசன் போய்விட்டது, ஐயா.

---

மணப்பெண்_அலங்காரம்

கொன்டாக்ட் லென்ஸ் என்று கண்டதும் உள்ளே வந்தேன். நான் கல்யாணத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும் அலங்காரம் செய்கிறேன். இப்போது எல்லாப் பிள்ளைகளும் கலர் லென்ஸ் கேட்கிறார்கள், தேன் நிறம், சாம்பல் நிறம். என்னிடம் இரண்டு சோடி இருக்கிறது. ஒவ்வொரு தரமும் நன்றாகச் சொலூஷனில் ஊறவைத்துத்தான் அடுத்தவருக்குப் போடுகிறேன். இதுவரை ஒருவரும் குறை சொல்லவில்லை. நம்பர் இல்லாத லென்ஸ்தானே, அதற்கும் கண் பார்க்க வேண்டுமா?

---

முல்லை_கிளினிக்_அக்கா

தங்கச்சி, கோபிக்காதீர்கள், இதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஒருவர் கண்ணில் போட்ட லென்ஸை இன்னொருவர் கண்ணில் போடவே கூடாது, எவ்வளவு ஊறவைத்தாலும். குறை சொல்லாதவர்கள் எங்களிடம் வந்து சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் கண் திறக்க முடியாமல் வந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

நம்பர் இல்லாவிட்டாலும் லென்ஸ் கண்ணில் சரியாக இருக்க வேண்டும். வளைவு 8.6, விட்டம் 14.2 என்று பெட்டியில் எழுதியிருப்பது அதற்குத்தான். இறுகிப் பிடித்தால் கருவிழிக்கு ஒட்சிசன் போகாது. இலங்கையில் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி மருத்துவ சாதனங்களைப் பதிவு செய்ய வேண்டும். முகநூலில் வரும் பெயர் தெரியாத பெட்டிகளை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

---

மணப்பெண்_அலங்காரம்

அக்கா, எனக்கு இது தெரியாது. உண்மையாகத் தெரியாது. இரண்டு சோடியையும் எறிந்துவிடுகிறேன். ஆனால் பிள்ளைகள் கேட்பது நிற்காதே. கலரில் ஒருநாள் லென்ஸ் இருக்கிறதா?

---

பரந்தன்காரன்

இருக்கிறது அக்கா. கல்யாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் பிள்ளையை எங்கள் கடைக்கு அனுப்புங்கள். நாங்கள் கண் பார்த்து, போட்டுப் பார்த்து, அவளுக்கென்று இரண்டு சோடி கொடுக்கிறோம். ஒன்று பழக, ஒன்று அன்றைக்கு. தலைமுடி ஸ்பிரே அடித்து முடித்த பிறகு லென்ஸ், லென்ஸுக்குப் பிறகு கண் மை. இரவு முதலில் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் மேக்கப்பைக் கழுவ வேண்டும். ஓமகுண்டப் புகையில் லென்ஸ் உருகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கண் எரியும், அவ்வளவுதான்.

---

ஒற்றைக்கண்_மெக்கானிக்

வாசித்துக்கொண்டு வந்தேன், ஒருவரும் எங்களைப் பற்றிச் சொல்லவில்லை.

2009 இல் செல் (எறிகணை) துண்டு பட்டு எனக்கு வலது கண் இல்லை. விசுவமடுப் பக்கம் உழவு இயந்திரம் திருத்துகிறேன். மற்றக் கண்ணுக்குச் சிறிய நம்பர்தான், கண்ணாடி இல்லாமலும் சமாளிக்கலாம். பத்து வருடத்தில் மூன்று கடைகளில் கண்ணாடி எடுத்தேன். எல்லோரும் நம்பரைப் பார்த்தார்கள், ஆகக் குறைந்த லென்ஸைத் தந்தார்கள். நாலாவது கடையில் ஒரு பிள்ளைதான் கேட்டது: "அண்ணை, கிறைண்டர் பிடிக்கேக்க என்ன போடுறீங்கள்?" இதே கண்ணாடிதான் என்றேன். அந்தப் பிள்ளை பொலிகார்பனேட் லென்ஸ் என்று ஒன்றைச் சொன்னது. இலகுவில் உடையாது, சிதறாது. உங்களுக்கு ஒரு கண்தான் இருக்கிறது, நம்பர் பூச்சியம் என்றாலும் பகல் முழுவதும் இது முகத்தில் இருக்க வேண்டும், கிறைண்டருக்கு இதற்கு மேல் பக்கம் மூடிய கண்ணாடி வேறாகப் போட வேண்டும் என்றது.

விலை கூடத்தான். ஆனால் அன்றைக்கு நான் விலை கேட்கவில்லை. எங்கள் பக்கம் என்னைப் போல எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். முதல் மூன்று கடையிலும் ஏன் கேட்கவில்லை என்றுதான் எனக்குக் கவலை.

---

வவுனியா_பழையகடை

அண்ணை, கேட்காத கடைகளில் என் கடையும் ஒரு காலத்தில் இருந்திருக்கும். ஒற்றைக் கண்காரருக்குப் பொலிகார்பனேட் மாதிரி அடி தாங்கும் லென்ஸ் தவிர வேறு எதையும் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படைப் பாடம். படிக்கும்போது எழுதினோம், கடைக்கு வந்ததும் விலை பார்த்து மறந்தோம். அது கீறல் விழக்கூடிய லென்ஸ், ஹார்ட் கோட்டிங்கோடு வாங்குங்கள். ஓரத்தால் பார்த்தால் எழுத்தைச் சுற்றி மெல்லிய நிறக்கோடு தெரியலாம், அது பிழை இல்லை. செயற்கைக் கண் வைத்திருப்பவருக்கு இன்னொரு வேலையும் செய்யலாம். அந்தப் பக்கம் சிறிய பிளஸ் போட்டால் கண் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், மைனஸ் போட்டால் சிறிதாகும். இரண்டு கண்ணும் ஒரே அளவாகத் தெரிகிற மாதிரிக் கொண்டுவரலாம். காசு கூடாத வேலை. கேட்டு வாங்குங்கள்.

தம்பி, கொன்டாக்ட் லென்ஸ் யாருக்கு என்று கேட்டீர் அல்லவா? உம்முடைய முதலாளி நினைக்காத ஆட்கள் இங்கேதான் இருக்கிறார்கள். காயத்தால் ஒரு கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லையை எடுத்துவிட்டு, செயற்கை வில்லை வைக்க முடியாமல் போனவர்கள். அந்தக் கண்ணுக்குப் பிளஸ் 10, 11 வரும். கண்ணாடியில் போட்டால் உருவம் கால்வாசி பெரிதாகத் தெரியும், மற்றக் கண்ணின் உருவத்தோடு ஒட்டாது, எல்லாம் இரண்டாகத் தெரியும். கொன்டாக்ட் லென்ஸில் அந்தப் பெரிதாக்கம் 7 வீதம் அளவுக்கு இறங்கிவிடும், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்ய ஒரு வழி கிடைக்கும். கருவிழியில் தழும்பு விழுந்து மேடுபள்ளமானவர்களுக்கு வன்மையான லென்ஸ் இருக்கிறது, கண்ணாடியால் முடியாததை அது செய்யும். இது கடையில் வைத்துச் செய்யும் வேலை இல்லை. கண் டொக்டரிடம் அனுப்ப வேண்டும். ஆனால் அப்படி ஒன்று உண்டு என்று சொல்லும் முதல் ஆள் நீராக இருக்கலாம்.

---

கடற்கரை_மகன்

அப்பா முல்லைத்தீவில் தொழிலுக்குப் போகிறார். கண்ணில் சதை வளர்கிறது என்று டொக்டர் சொன்னார், வெயிலுக்கும் காற்றுக்கும் கண்ணாடி போடட்டாம். வெயிலில் கறுக்கும் லென்ஸ் நல்லதா?

---

வவுனியா_பழையகடை

கடலுக்கு போலரைஸ்ட் லென்ஸ் நல்லது. தண்ணீரில் தெறிக்கும் கூசலை அதுதான் வெட்டும். கறுக்கும் லென்ஸ் சூட்டில் குறைவாகத்தான் கறுக்கும், நம் சித்திரை வெயிலில் அவ்வளவு எடுபடாது. வாகனக் கண்ணாடிக்குப் பின்னாலும் கறுக்காது, அந்தக் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். இதையும் சொல்லித்தான் விற்க வேண்டும், இல்லாவிட்டால் பஸ் சாரதி வந்து சண்டை பிடிப்பார். உப்புப் படிந்த லென்ஸை நல்ல தண்ணீரால் கழுவிய பிறகுதான் துடைக்கச் சொல்லுங்கள். நடைபாதையில் விற்கும் வெறும் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். புற ஊதாத் தடுப்பு இல்லாவிட்டால், கறுப்புக்குப் பின்னால் கருமணி விரிந்து கதிரை இன்னும் உள்ளே விடும்.

---

லாப்_இராச்சியம்

கொழும்பில் லென்ஸ் வெட்டுகிறேன், ஊர் நெடுங்கேணி. பரந்தன்காரனுக்கு ஒன்று: கண்ணாடித் துண்டில் இருக்கும் நம்பரை அப்படியே கொன்டாக்ட் லென்ஸுக்கு எழுதாதேயும். கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீற்றர் அளவில் நிற்கிறது, லென்ஸ் கண்ணிலேயே இருக்கிறது. நம்பர் 4க்கு மேல் போனால் கணக்கு மாறும். மைனஸ் 6, லென்ஸில் 5.60 ஆகும், 5.50 எடுத்துப் பார்க்கலாம். மைனஸ் 8 என்றால் 7.30. பிளஸ் பக்கம் எதிர்மாறு, கூட்ட வேண்டும். கடைசி முடிவு கண் பார்ப்பவருடையது.

சும்மா ஒரு கதை. மென்மையான கொன்டாக்ட் லென்ஸை முதலில் சரிவரச் சுழற்றி வார்த்தவர் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒட்டோ விக்டர்லே. 1961 நத்தார் நேரம், வீட்டு மேசையில், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களைப் பூட்டி, சைக்கிள் டைனமோவால் ஓட்டினார். சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர்க்காரருக்கு இது பெரிய அதிசயமாக இருக்காது.

---

பரந்தன்காரன் (இரண்டு கிழமைக்குப் பிறகு)

ஒரு செய்தி சொல்ல வந்தேன். எல்லோரிடமும் கொன்டாக்ட் லென்ஸ் வேண்டுமா என்று கேட்பதை விட்டுவிட்டேன். முதலாளிக்கு முகம் சரியில்லை. காலபோக நெல் விற்ற காசு மாசி, பங்குனியில் வரும், அதுவரை பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்.

போன செவ்வாய் ஒரு கம்பஸ் பிள்ளை வந்தாள், மைனஸ் 6. வலைப்பந்து விளையாடுகிறாளாம், கண்ணாடி விழுகிறதாம். கேள்வியெல்லாம் கேட்டேன். விடுதியில் கைகழுவக் குழாய்த் தண்ணீர், சொலூஷன் பக்கத்துக் கடையில் உண்டு, பழைய கண்ணாடி கையில் உண்டு. கண் பார்ப்பவர் 5.50 போட்டுப் பார்த்தார், சரி. போடப் பழக்க ஐம்பது நிமிடம். வலது கண்ணில் இருந்ததும் சுவரில் இருந்த கலண்டரைத் தானாக வாசித்தாள். ஆனால் கழற்ற வரவில்லை. பயத்தில் கண்ணை இறுக்கிக்கொண்டாள். கடைசியில் கண் பார்ப்பவர்தான் கழற்றினார். தானாகக் கழற்றப் பழகாமல் பெட்டியைக் கொடுக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளி திரும்ப வந்தாள். மூன்று தரம் போட்டு மூன்று தரம் கழற்றினாள். கொடுத்துவிட்டேன்.

---

வவுனியா_பழையகடை

வலது கண் லென்ஸிலிருந்துதான் எப்போதும் தொடங்க வேண்டும் என்று சொன்னீரா? இரண்டும் மாறினால் நம்பர் மாறும். அடுத்து எப்போது வரச் சொன்னீர்?

---

பரந்தன்காரன்

சொன்னேன் ஐயா. வரும் வெள்ளி, பின்னேரம். லென்ஸ் போட்டு நாலு மணித்தியாலமாவது ஆன கண்ணோடு வரச் சொன்னேன். கண் சிவந்தால் அதுவரை காத்திருக்காமல் கழற்றிவிட்டு அன்றைக்கே கிளினிக். அக்காவின் கிளினிக் நேரத்தைத் துண்டின் பின்னால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.